வெளியே போனவை

அக்காக்காரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு காதும் நன்றாகவே சிவந்திருந்தன. ஆனால் திட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர்தான் இருந்தது, அதில் தங்கச்சிக்காரியின் மெயில் திறந்து கிடந்தது.

"புரியுதுக்கா. உனக்கு வர இஷ்டமில்ல. வரலைன்னு ஒரு வரி எழுதக்கூட இஷ்டமில்ல. பரவாயில்ல. ஒரு ஹோம் நர்ஸைப் பாத்து வெச்சிருக்கேன், இன்னிக்கு சாயங்காலம் அவங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன். இனிமே எதுக்கும் உன்கிட்ட வந்து நிக்க மாட்டேன்."

"அடிப்பாவி!" என்றாள் அக்காக்காரி, சுவரைப் பார்த்து. "எழுதலையா? நானா எழுதல?"

அவள் எழுதியிருந்தாள் ஐயா. திங்கட்கிழமை தங்கை கேட்ட சூட்டோடு சூடாக ஒன்று, புதன்கிழமை இன்னொன்று. இரண்டையும் படித்துவிட்டு இப்படி ஒரு மெயில் போடுகிறாளே, இவளுக்கு எவ்வளவு திமிர் என்றுதான் காது சிவந்தது.

இந்த இரண்டு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கோபத்தின் எடை உங்களுக்குத் தெரியாது. அம்மா போய்ச் சேர்ந்தபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டனுப்பினால் போய்த் தலைகுனிந்து நின்றது எல்லாம் அக்காக்காரிதான். சேட்டை தாங்காமல் அவள் வைத்த பெயர் 'வாலு'. இப்போது அந்த வாலுக்கே ஒரு வால் வயிற்றில் வளர்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

பாசத்துக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. ஆனால் அக்காக்காரியிடம் ஒரு பொல்லாத பழக்கம். எதிரில் இருப்பவர் பேசினால் காது கொடுத்துக் கேட்க மாட்டாள், திருத்துவாள். தொழில் மொழிபெயர்ப்பு. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் இருக்கிறதே, 'குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று, அதையெல்லாம் எழுதுகிறவள். தூக்கத்தில் யாராவது உளறினாலும் எழுந்து உட்கார்ந்து பிழை பார்ப்பாள் என்று அவள் வீட்டுக்காரரே கேலி செய்வார்.

வாலு தன் கல்யாண அழைப்பிதழைத் தானே உட்கார்ந்து எழுதி, ஆசை ஆசையாக அக்காவுக்கு அனுப்பிவைத்தாள். அது சிவப்பு மையில் முங்கிக் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்குப் போனில் நடந்ததைச் சண்டை என்று சொன்னால் சண்டை கோபித்துக்கொள்ளும்.

"நான் ஒண்ணு சொல்ல வந்தா, முடிக்கிறதுக்குள்ள நடுவுல பூந்து திருத்துற!" என்று அழுதாள் வாலு. "இனிமே உன்கூட பேச்சே கிடையாது. எதுவா இருந்தாலும் எழுது. எழுதினாதான் நீ நடுவுல வர முடியாது."

அக்காக்காரிக்கும் ரோஷம் வந்தது. சரிதான் போடி என்று போனை வைத்தாள். கல்யாணத்துக்குப் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், போட்டோவுக்குச் சிரித்தாள், திரும்பி வந்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு மெயில், அதோடு சரி.

அப்படிப்பட்ட வாலுதான் இந்தத் திங்கட்கிழமை எழுதினாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், நடுக்கடலில் இருக்கிறான், குழந்தை பிறந்த பிறகுதான் கரை. 'நீ வந்து கூட இருப்பியாக்கா? எனக்கு ரொம்ப பயமா இருக்கு' என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அக்காக்காரி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

உடனே பதில் அடித்தாள். "ஏன்டி, இதையெல்லாம் கேக்கணுமா? என் வேலை எங்க உக்காந்தாலும் நடக்கும். பெட்டியை பரண்ல இருந்து இறக்கச் சொல்லிட்டேன். எந்த தேதிக்கு வரணும்னு மட்டும் சொல்லு, டிக்கெட் எடுத்துடுறேன். நீ காலை நீட்டிப் படு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

பெட்டியும் இறங்கியது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் முழங்காலையெல்லாம் பதம் பார்த்தது. தேதிதான் வரவில்லை. புதன்கிழமை வாலுவிடமிருந்து ஒரே வரி: "அக்கா, பாத்தியா?"

"பாத்தியாவா? கழுதை, பதிலே போட்டாச்சு, உன் மெயிலைத் தொறந்து பாரு!" என்று தொடங்கி, என்னென்ன கொண்டுவரப் போகிறாள், பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துணி தைத்துக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதினாள். அதற்கும் தேதி வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததுதான் மேலே நீங்கள் படித்தது.

இது பழிவாங்கல், வேறொன்றும் இல்லை என்று முடிவுகட்டினாள். வேண்டுமென்றே படிக்காமல் என்னைத் தவிக்க விடுகிறாள், அந்த அழைப்பிதழுக்கு இப்போது வட்டியோடு வசூல் பண்ணுகிறாள். கண்ணில் தண்ணீர், விரலில் நெருப்பு. நீ ஒரு கல்நெஞ்சக்காரி என்று ஆரம்பித்து, உன்னை வளர்த்ததற்கு ஒரு பூனையை வளர்த்திருக்கலாம் என்பது வரைக்கும் தட்டித் தள்ளிவிட்டு, அனுப்பு பொத்தானை ஓங்கிக் குத்தினாள். எழுதிய எதையும் மறுபடி படிக்காமல் அவள் அனுப்பியதே கிடையாது. அன்று அனுப்பினாள்.

ஒவ்வொரு முறை அனுப்பியபோதும் திரையின் அடியில் ஒரு மஞ்சள் பட்டை தலைகாட்டியது. 'சேவையகத்துடன் இணைப்பு ஏற்படுத்திட இயலப்பெறவில்லை.' அக்காக்காரி என்ன செய்தாள் தெரியுமா? "இயலப்பெறவில்லையாம்! 'முடியவில்லை'ன்னு எழுதினா குறைஞ்சா போயிடும்?" என்று மனசுக்குள் அதைத் திருத்தி எழுதிவிட்டுப் பட்டையை மூடினாள். திங்கட்கிழமையும் மூடினாள், புதன்கிழமையும் மூடினாள். அது என்ன சொல்ல வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் எதற்குச் சந்தேகம் வரும்? இடது பக்கத்தில் 'வெளியே போனவை' என்று ஒரு பெட்டி, அதில் அவள் மெயிலெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. போனவை என்றால் போனவைதானே.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். பஸ் டிரைவர். காலை முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டில் கொஞ்சம் அமைதியாகச் சாப்பிடலாம் என்று வருவார். வந்த வேகத்தில் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கண் டாக்டர் எழுதிக் கொடுத்த என் கண்ணாடிச் சீட்டை மெயில்ல அனுப்புறேன்னியே, வரவே இல்லையே. கடைக்காரர் முன்னாடி போனைத் தொறந்து தொறந்து பாத்து மானம் போச்சு."

"நேத்தே அனுப்பிட்டேங்க."

"வரலம்மா."

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? ஆளாளுக்கு வரல வரலைன்னா நான் என்ன கொண்டுவந்து கையிலயா..." என்று கத்திக்கொண்டே போனவள் அப்படியே நின்றாள். ஆளாளுக்கு. வாலுவுக்கும் வரவில்லை, இவருக்கும் வரவில்லை. வாலு பழிவாங்கலாம். இந்த மனுஷர் எதற்குப் பழிவாங்குகிறார்?

போனை எடுத்து ரீஸ்டார்ட்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் அக்காக்காரி வேலை பார்க்கும் ஆபீசில், கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர். யார் என்ன குறை சொன்னாலும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்பார், அதனால் அந்தப் பெயர். மூன்று வாரத்துக்கு முன்னால் அக்காக்காரியின் கம்ப்யூட்டரில் விபிஎன் என்ற ரகசியக் குழாயைப் போட்டுக்கொடுத்ததும் அவர்தான். புது மருந்தின் விவரம் வெளியே கசியக் கூடாது, ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லாரும் அந்தக் குழாய் வழியாகத்தான் ஆபீசுக்குள் போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கம்ப்யூட்டரைத் திறந்தால் தானாக மாட்டிக்கொள்ளும், மூடினால் கழன்றுகொள்ளும்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேடம்?" என்றார். ஜலதோஷம் வேறு, குரல் கட்டியிருந்தது.

"தினமும் காலைல அதைத்தான் பண்றேன். மெயில் வருது, போக மாட்டேங்குது."

"ஆபீஸ் மெயிலா?"

"ஆபீஸ் மெயில் ஜோராப் போகுது. இது என் சொந்த மெயில்."

"சொந்த மெயிலை நாங்க பாக்கக் கூடாது மேடம், ரூல்ஸ்."

"என் தங்கச்சிக்குப் பிரசவம். நான் வரேன்னு எழுதினது போகல. சாயங்காலத்துக்குள்ள அவ வேற ஆளுக்குச் சொல்லிடுவா. அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டா." சொல்லும்போதே குரல் உடைந்தது.

ரீஸ்டார்ட்காரர் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷமா இரக்கமா, தெரியவில்லை. "சரி, சொல்லுங்க. அந்த மெயில் இப்ப எந்தப் பெட்டில இருக்கு?"

"'வெளியே போனவை'ல."

"அப்படி ஒரு பெட்டியே கிடையாதே."

"தமிழ்ல வெச்சிருக்கேன். பெட்டி படம், அதுலேர்ந்து ஒரு அம்பு வெளிய வருது."

"ஐயோ மேடம், அது அவுட்பாக்ஸ்! அதுல இருந்தா இன்னும் போகலைன்னு அர்த்தம். வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்குது, கதவு தொறக்கல. 'அனுப்பியவை'ன்னு இன்னொண்ணு இருக்கும் பாருங்க, அதுல கடைசியா என்ன இருக்கு?"

பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய மெயில். அதற்கு மேல் எதுவும் இல்லை. திங்கள், புதன், வீட்டுக்காரரின் கண்ணாடிச் சீட்டு எல்லாம் இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. வாலு அங்கே படுக்கையில் கிடந்து, வராத பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவுட்பாக்ஸுக்கு யாரு இப்படிப் பேரு வெச்சாங்களோ!" என்று ரீஸ்டார்ட்காரர் சலித்துக்கொண்டார். "போகாம நிக்கிறதைப் போய் 'போனவை'ன்னு எழுதி வெச்சிருக்காங்க. கையில கிடைச்சா கேக்கணும்."

அப்படி எழுதி வைத்தது அக்காக்காரிதான். வருஷங்களுக்கு முன்னால், மருந்துக் காகிதம் கிடைக்காத காலத்தில், ஒரு கம்பெனி சொற்களை மட்டும் நீளமாக அனுப்பி, தமிழில் போட்டுக் கொடுங்கள் என்றது. திரையைக் காட்டவில்லை, எது எங்கே வரும் என்று சொல்லவும் இல்லை. 'அவுட்பாக்ஸ்' என்றதும், கடுமுடா என்று இல்லாமல் இயல்பாக இருக்கட்டும் என்று 'வெளியே போனவை' போட்டாள். அன்றைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

"பாவம், யாரோ படத்தைப் பாக்காம எழுதியிருப்பாங்க" என்றாள் மெதுவாக.

"விடுங்க. அனுப்புற போர்ட் என்ன நம்பர்னு பாருங்க. இருபத்தஞ்சா?"

செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். "ஆமா."

"அதான் விஷயம். விபிஎன்ல அந்த வாசலைப் பூட்டி வெச்சிருக்கோம். குப்பை மெயில் அனுப்புறவன்லாம் அது வழியாத்தான் வருவான். உங்களுக்கு வர்ற மெயிலுக்கு வேற வாசல், அது தொறந்திருக்கு. ஆபீஸ் மெயிலுக்கு உள்ளயே வழி இருக்கு. உங்க சொந்த மெயில் மட்டும் பூட்டின கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. ஐநூத்து எண்பத்தேழுன்னு மாத்தி, பாதுகாப்பு இணைப்பை டிக் பண்ணிட்டா விபிஎன் இருந்தாலும் போகும். முதல்ல ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடுவோம். ஒரு நிமிஷம் விபிஎன்னை நிறுத்துங்க."

நிறுத்தினாள். அடுத்த நொடியே கம்ப்யூட்டர் 'விஷ்க்' என்றது. திங்கட்கிழமை மெயில் பெட்டியிலிருந்து மறைந்தது.

"போகுது சார், போகுது!" என்று எழுந்து நின்றாள். மறுபடியும் 'விஷ்க்', புதன்கிழமையும் போயிற்று. மூன்றாவது 'விஷ்க்'குக்குச் சமையலறையில் வீட்டுக்காரர் போன் மணியடித்தது. "வந்துடுச்சும்மா, கண்ணாடிச் சீட்டு!" என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

அப்போதுதான் அவளுக்கு நாலாவது நினைவுக்கு வந்தது. காலையில் எழுதியது. கல்நெஞ்சக்காரி. பூனை.

"ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்க சார்!"

"என்ன மேடம், போகணும்னுதானே கூப்பிட்டீங்க?"

"அது போகக் கூடாது!" மவுஸ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் 'விஷ்க்'. பெட்டி சுத்தமாகக் காலியாகிவிட்டது. முதல்முறையாக அந்தப் பெயருக்குப் பொருத்தமாக எல்லாமே வெளியே போயிருந்தன.

"திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாது மேடம்" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "ரீஸ்டார்ட் பண்ணாலும் முடியாது."

அக்காக்காரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வருகிறேன் என்று இரண்டு மெயில், அதன் தலையிலேயே ஒரு சாபம். மூன்றையும் சேர்த்துப் படித்தால், அக்கா வர இருந்தாள், அப்புறம் வெறுத்துவிட்டாள் என்றுதானே வாலு நினைப்பாள்? ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறவள். இன்னொரு மெயில் எழுதி விளக்கலாம். ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள், கடைசியாக வந்ததைத்தானே போனில் முதலில் காட்டும்? பூனையைத்தானே அவள் முதலில் பார்ப்பாள்?

"எழுதுற வேலை போதும்மா" என்றார் வீட்டுக்காரர், கையைக் கழுவியபடியே வந்து. "போன் பண்ணு."

"பேச்சே கிடையாதுன்னு சொன்னவ."

"அப்ப பேசாத. அவ பேசறதக் கேளு."

ரீஸ்டார்ட்காரரிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வாலுவின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் போலிருக்கிறது என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"என்ன?" என்றாள் வாலு. பனிக்கட்டி.

"மெயில் பாத்தியா?"

"எந்த மெயில்? நீதான் ஒண்ணும் எழுதலையே."

"இனிமே எதுவும் பாக்காத! இல்ல, பாரு. அடியிலேர்ந்து பாரு, திங்கக்கிழமை தேதி போட்டதை முதல்ல. எழுதினேன்டி, போகல, கம்ப்யூட்டர் பிடிச்சு வெச்சுக்கிச்சு. நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன், நீ படி."

சொல்லிவிட்டு நிஜமாகவே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். விளக்கம் நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து போயிற்று. விழுங்கினாள். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, இப்படி ஒரு காட்சியை ஆயுளில் பார்த்ததில்லை என்பது போல வேடிக்கை பார்த்தார்.

வெகுநேரம் கழித்து மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இதற்கு ஜலதோஷம் காரணமில்லை.

"பெட்டியை இறக்கிட்டியாக்கா?" என்றாள் வாலு. குரலில் பனியெல்லாம் கரைந்திருந்தது. "திங்கக்கிழமையேவா?"

"ம்."

"அந்தப் பச்சை புடவையையா கிழிச்ச? அம்மாவுதா?"

"ம்."

"நான்... நீ வேணும்னே பதில் போடலைன்னு நெனச்சேன்க்கா. நாலு நாளா நெனச்சு நெனச்சு அழுதேன்." அடுத்ததுக்குப் போனாள். "இன்னொண்ணு இருக்கே. இன்னிக்கு தேதி."

"அதப் படிக்காத! அது காலாவதியான மருந்து, தூக்கிப் போடு!"

வாலு படித்தாள். அவள் என்றைக்கு அக்கா சொல் கேட்டாள், இன்றைக்குக் கேட்க? அக்காக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு. இப்போது போனை வைக்கப் போகிறாள், ஹோம் நர்ஸுக்குச் சரி சொல்லப் போகிறாள், அந்தக் குழந்தைக்குப் பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் போகப் போகிறது.

"அக்கா" என்றாள் வாலு. "'நீ ஒரு கால்நெஞ்சக்காரி'ன்னு எழுதியிருக்க."

"என்னது?"

"கால். க-வுக்குப் பக்கத்துல காலை இழுத்து விட்டிருக்க. கால்நெஞ்சக்காரி." எதையோ அடக்கிக்கொள்ளும் சத்தம். அப்புறம் அது அடங்காமல் வெடித்தது. வாலு சிரித்தாள். அழுதுகொண்டே, மூச்சு வாங்க, சின்ன வயசில் கட்டிலில் உருண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "நீயா! என் கல்யாணப் பத்திரிகையில சிவப்பு மையை ஊத்தினவளா! பிழை விட்டுட்டியேக்கா!"

"அது கல்லுடி. 'கல்'னு இருக்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திருத்தாத" என்றாள் வாலு. சிரிப்பு மெல்ல அடங்கிவிட்டது. "சரியாத்தான் எழுதியிருக்க. எனக்கு இப்ப இருக்கிறது கால் நெஞ்சுதான்க்கா. மிச்ச முக்காலும் வயித்துல கிடந்து உதைக்குது. படுத்தா பயம், எழுந்தா பயம். தேதியெல்லாம் எதுக்கு? கிளம்பி வா."

அக்காக்காரி அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. "வரேன்டி" என்றாள். அதற்குள் வீட்டுக்காரர் கூடத்துக்குப் போய், முழங்காலைத் தடவிக்கொண்டே, பெட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.